இணையப் பயன்பாட்டுக்கு மூன்றாண்டு வரவுசெலவுத் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

பேரேடு எழுதியது:

வணக்கம். ஏறத்தாழ நூறு பேர் பணிபுரியும் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் நிதிப் பிரிவில் இருக்கிறேன். இணையத்துக்கென்று தனித் திட்டம் எங்களிடம் இதுவரை இருந்ததில்லை. இணைப்புக் கட்டணம் தொலைபேசிச் செலவோடு சேர்ந்து கிடக்கிறது. இணையதளத்தைப் பராமரிப்பவருக்குத் தரும் தொகை தொழில்நுட்பச் செலவிலும், தேடுபொறி விளம்பரம் விற்பனைப் பிரிவின் கணக்கிலும், கோப்புகளை வேறொரு நிறுவனத்தின் கணினிகளில் இணையம் வழியே வைக்கும் கிளவுட் சேமிப்பகச் சந்தா ஒரு மேலாளரின் கடன் அட்டையிலும் போகின்றன. (கடைசியில் சொன்னது எனக்குத் தெரியவந்ததே தற்செயலாகத்தான்.) வாடிக்கையாளர்கள் நேரடியாக ஆர்டர் தரும் வசதியை வரும் ஆண்டில் இணையதளத்தில் சேர்க்க நிர்வாகம் முடிவு செய்திருப்பதால், மூன்று ஆண்டுகளுக்கான திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

விற்பனைத் தொகையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை ஒதுக்கிவிட்டால் போதும் என்பது இயக்குநர் ஒருவரின் யோசனை. அது சரியான வழியா? புதிய வசதிக்கு ஆகும் செலவை மூலதனச் செலவாக, அதாவது சொத்து ஒன்றுக்கு ஆன செலவாகக் காட்டி மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ள முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சர்வர்அறை எழுதியது:

சதவீதத்தில் தொடங்க வேண்டாம். விற்பனை சரிந்த ஆண்டில் இணைப்புக் கட்டணமோ டொமைன் (இணையதள முகவரிப் பெயர்) புதுப்பிப்புக் கட்டணமோ சரியப்போவதில்லை. விற்பனை பெருகிய ஆண்டில் அவை அதே விகிதத்தில் பெருகவும் செய்யாது. ஒவ்வொரு பிரிவிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அரை நாள் இணையம் இல்லாவிட்டால் உங்களிடம் எந்த வேலை நிற்கும், அதனால் ஏற்படும் இழப்பு எவ்வளவு? இந்தக் கேள்விக்கு வரும் பதில்களைப் பொறுத்துத்தான் எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பது தெளிவாகும்.

சேவை நிறுவனங்கள் தரும் உறுதிமொழியை இந்த வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். 99.5 சதவீத நேரம் சேவை இயங்கும் என்பது கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 மணி நேரம் சேவை நின்றாலும் அவர்கள் வாக்குத் தவறியவர்கள் ஆகமாட்டார்கள். 99.9 சதவீதம் என்றால் அது ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, 99.99 சதவீதம் என்றால் சுமார் 53 நிமிடம். ஒவ்வொரு படி ஏறும்போதும் கட்டணமும் ஏறும். உறுதிமொழி மீறப்பட்டால் பெரும்பாலும் மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியைத்தான் கழித்துத் தருவார்கள். நீங்கள் இழந்த ஆர்டருக்கு யாரும் ஈடு தருவதில்லை. ஆகவே ஆர்டர் வாங்கும் பகுதிக்கு உயர்ந்த படியையும், மற்றவற்றுக்குச் சாதாரணப் படியையும் தேர்ந்தெடுப்பது நியாயமான சிக்கனம்.

மாற்று இணைப்பு ஒன்றுக்கும் பணம் ஒதுக்குவீர்கள் என்று நினைக்கிறேன். ஒதுக்குவதற்கு முன் இரண்டு கேபிள்களும் எந்த வழியாக வருகின்றன என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி ஆண்டுக்கணக்கில் இரண்டு பில் கட்டிக்கொண்டிருந்தோம். சாலையில் குழி தோண்டிய ஒரு நாளில் இரண்டும் ஒன்றாகவே அறுந்தபோதுதான், இரண்டும் ஒரே குழாய்க்குள் வந்தன என்பது தெரிந்தது.

கிளவுடைப் பொறுத்தவரை, அந்தப் பில் மின்கட்டணத்தைப் போன்றது: பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம். தரவை உள்ளே ஏற்றுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இராது, வெளியே எடுப்பதற்கு உண்டு. பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்க நேர்ந்தாலோ வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தாலோ எவ்வளவு ஆகும் என்பதையும் இப்போதே கணக்கிட்டு வையுங்கள். ஓராண்டு அல்லது மூன்றாண்டு ஒப்பந்தம் செய்தால் கிடைக்கும் தள்ளுபடி கவர்ச்சியானதுதான். ஆனால் சில மாதமாவது உண்மையான பயன்பாட்டைப் பார்க்காமல் அதில் கையெழுத்திடுவது, அளவெடுக்காமல் துணி தைக்கக் கொடுப்பதைப் போன்றது.

பெரும்பாலோர் திட்டத்தில் எழுத மறக்கும் செலவு ஆள்நேரம். ஓர் எடுத்துக்காட்டு: இணையதளம் உண்மையானது என்று உலாவிக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழை வழங்கும் நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் 2025இல் எடுத்த முடிவின்படி, அதுவரை 398 நாளாக இருந்த சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச்சில் 200 நாளாகவும், 2027 மார்ச்சில் 100 நாளாகவும், 2029 மார்ச்சில் 47 நாளாகவும் குறைகிறது. சான்றிதழ் இலவசமாகவே கிடைத்தாலும், அதைத் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை ஒருவர் அமைத்துக் கண்காணிக்க வேண்டும். அவருடைய நேரத்துக்கு உங்கள் திட்டத்தில் இடம் வேண்டும்.

தணிக்கைமேசை எழுதியது:

மூலதனச் செலவு பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நீங்கள் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களைப் பின்பற்றும் நிறுவனம் என்றால், அந்தத் தரங்களுக்கு 2002இல் வெளியான எஸ்ஐசி 32 என்ற விளக்கம் இணையதளச் செலவுகளுக்கென்றே எழுதப்பட்டது. திட்டமிடும் கட்டத்தில் ஆகும் செலவு முழுவதும் அந்த ஆண்டின் செலவே. முற்றிலும் அல்லது முதன்மையாக உங்கள் பொருள்களை விளம்பரப்படுத்துவதற்காக இருக்கும் தளத்தை உருவாக்கும் செலவும் அப்படியே. நேரடியாக ஆர்டர் பெற்று வருவாய் ஈட்டித் தரக்கூடிய பகுதி என்றால், பிற நிபந்தனைகளும் நிறைவேறினால், உருவாக்கும் கட்டத்தில் நேரடியாக ஆகும் செலவைப் புலனாகாச் சொத்தாக (உருவமில்லாத சொத்தாக) காட்டலாம். தளம் செயல்படத் தொடங்கிய பின் ஆகும் பராமரிப்பு மீண்டும் செலவுக் கணக்குக்கே வரும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த வசதியை நீங்களே உருவாக்காமல் வேறொருவரின் கிளவுட் மென்பொருளைச் சந்தா கட்டிப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால், அதை உங்களுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் செலவு பெரும்பாலும் சொத்தாகாது. ஏனெனில் அந்த மென்பொருள் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. அந்தத் தரங்களுக்கு விளக்கம் தரும் குழு 2021 ஏப்ரலில் இதைத் தெளிவுபடுத்தியது. மூன்றாண்டுக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று நிர்வாகத்திடம் முதலில் சொல்லிவிட்டு, தணிக்கையின்போது முழுத் தொகையும் முதலாண்டு இலாபத்தைக் குறைத்தால் தர்மசங்கடம் உங்களுக்குத்தான். உங்கள் தணிக்கையாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

விற்பனைக்குறிப்பு எழுதியது:

சர்வர்அறை சொன்னதில் ஒரு திருத்தம். விளம்பரத்துக்கு மட்டும் சதவீதக் கணக்கு பொருந்தும், ஏனென்றால் அது ஆர்டரோடு சேர்ந்து ஏறி இறங்கக்கூடிய செலவு. ஓர் ஆர்டரைப் பெற ஆகும் விளம்பரச் செலவு, அந்த ஆர்டரில் கிடைக்கும் இலாபத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பை வையுங்கள். ஆனால் தொலைபேசியில் ஆர்டர் தந்துகொண்டிருந்தவர் இணையதளத்துக்கு மாறினால் அது புதிய விற்பனை ஆகாது. எங்கள் நிறுவனத்தில் முதலாண்டு இதைப் பிரித்துப் பார்க்காமல், வளர்ச்சி என்று நாங்களே எங்களைப் பாராட்டிக்கொண்டோம்.

பேரேடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எதிர்பாராச் செலவுக்கு மொத்தத் தொகையில் பத்துச் சதவீதம் சேர்க்கலாம் என்று எண்ணியிருந்தேன். அது போதுமா?

சர்வர்அறை எழுதியது:

எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் பொருந்தாது. இணைப்பும் டொமைனும் ஏறத்தாழ நிலையான செலவுகள். அவற்றுக்குப் பத்துச் சதவீதம் அதிகம். ஆர்டர் வசதியை உருவாக்கும் பணிக்கு அது மிகக் குறைவு. அந்தப் பணியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டம் முடிந்து பயன்பாட்டைப் பார்த்த பின் அடுத்த கட்டத்துக்குப் பணம் விடுவிப்பது நல்லது. வெப்வேன் என்ற இணைய மளிகை நிறுவனம், தேவை எவ்வளவு என்று தெரியும் முன்பே 1999இல் கிடங்குகள் கட்ட நூறு கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்து, 2001இல் திவாலானது. உங்கள் அளவு வேறு, ஆனால் பணத்தை எப்போது விடுவிப்பது என்ற கேள்வி அதேதான். அந்தக் கடன் அட்டைச் சந்தாவை உடனே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள். அட்டை காலாவதியானால் கோப்புகளைத் திறக்க முடியாமல் போகலாம். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கையோடு பாருங்கள்.

பேரேடு எழுதியது:

பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விலகிய ஊழியரின் தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரியில் டொமைன் பதிவாகியிருக்கிறது. அடுத்த நான்கு மாதத்தில் அது காலாவதியாகிறது. அவரைத் தொடர்புகொண்டிருக்கிறோம். திட்டத்தின் முதல் வரியாக இதைத்தான் எழுதியிருக்கிறேன்.