அப்புத்தளைப் பக்கம் அமைதியாகக் கூடாரமடித்துத் தங்க ஏற்ற இடம் எது?

கேள்வி (வவுனியாவிலிருந்து)

சித்திரை விடுமுறையில் இரண்டு இரவுகள் மலைநாட்டில் கூடாரமடித்துத் தங்க விரும்புகிறோம். நானும் மனைவியும், பத்து, ஏழு வயதுப் பிள்ளைகள் இருவரும், அறுபத்தெட்டு வயதான என் தந்தையாரும் வருகிறோம். அந்நாட்களில் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டமும் நெரிசலும் இருக்கும் என்பதால் அப்பக்கம் போகும் எண்ணமில்லை. இரவில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்காத, கழிப்பறை வசதியுள்ள, தந்தையார் அதிகம் ஏறி இறங்கத் தேவையில்லாத இடம் எதுவென்றும், அங்கிருந்து பகலில் எங்கெங்கு போய்வரலாம் என்றும் அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும். தியலும நீர்வீழ்ச்சியின் உச்சியில் தங்கலாம் என்கிறார்கள். பிள்ளைகளோடு அது சரிவருமா?

பதில் (கொஸ்லந்தையில் பிறந்தவர்)

தம்பி, தியலும எங்கள் ஊர் நீர்வீழ்ச்சி. 220 மீற்றர் உயரம். உச்சியில் அடுக்கடுக்காக இருக்கும் தடாகங்கள் கண்ணுக்கு நிறைவானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பாறையெல்லாம் பாசி. மேலே மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பெருகிவிடும். சித்திரையில் காலை வெளித்திருந்தாலும் பிற்பகலில் இடியோடு மழை வருவது வழமை. ஆகவே காலையில் போய்ப் பார்த்துவிட்டு நண்பகலுக்கு முன் திரும்புங்கள். இரவில் அங்கே பிள்ளைகளை வைத்திருக்க வேண்டாம்.

தங்குவதற்குப் பம்பரகந்தைப் பக்கத்தையே சொல்வேன். கொழும்பு–பதுளை வீதியில் கலுபஹன சந்தியில் திரும்பினால், நாட்டிலேயே உயரமான அந்த 263 மீற்றர் நீர்வீழ்ச்சியை நோக்கிப் பாதை போகிறது. வழியில் ஊர்க்காரர்கள் தங்கள் காணியிலேயே கூடாரத்துக்கு இடம் தருவதுண்டு. வீட்டோடு சேர்ந்த இடமாகப் பார்த்தால் கழிப்பறைக்கும் குறைவிராது, சொல்லி வைத்தால் இரவுச் சோறும் கிடைக்கும். பாதை ஒடுக்கமானது; வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள் புதைந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஓடைக்கரையிலும் வெட்டிய மண்மேட்டின் அடியிலும் கூடாரம் போடாதீர்கள். புறப்படுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அவசரமென்றால் 117க்கு அழையுங்கள்.

பதில் (அப்புத்தளை ஆசிரியை)

அண்ணா சொன்னதை நானும் ஏற்கிறேன். ஒரு நாளை அப்புத்தளைக்கு ஒதுக்குங்கள். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பதென்னைத் தொழிற்சாலையைத் தாண்டி ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் மேலே போனால் லிப்டன் சீட் என்னும் மலைக்காட்சி முனை வரும். அவ்வளவு தூரம் உங்கள் தந்தையார் நடக்க வேண்டியதில்லை. முச்சக்கர வண்டி மேலே வரை போகும். விடியற்காலையிலேயே போய்விடுங்கள், ஏனெனில் வெயில் ஏற ஏற மூடுபனி எழுந்து கீழுள்ள நிலத்தை மறைத்துவிடும். பாதையோர மலைகளில் கொழுந்து பறிக்கும் அக்காமாரைக் கேட்காமல் படம் பிடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். அவர்கள் அன்றைய நிறைக்காக ஓடிக்கொண்டிருப்பார்கள். நின்று சிரிக்க நேரமிருக்காது.

1931இல் கட்டப்பட்டு இப்போது துறவிகள் வாழும் அதிசம் மாளிகையும் அருகில்தான், ஆனால் வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலுமே பார்வையாளரை விடுகிறார்கள்.

பதில் (பண்டாரவளையிலிருந்து)

ஹோட்டன் சமவெளியை விட்டுவிடாதீர்கள். 1988 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் அந்தப் புல்வெளியில் மரைகளை வாகனத்திலிருந்தே காணலாம். உலக முடிவு என்னும் செங்குத்து மலை விளிம்புக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்குமாகச் சுற்றிவரும் பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவு என்பதால், தந்தையாரும் ஒருவரும் வாகனத் தரிப்பிடத்தருகே இருந்துகொள்ள, மற்றவர்கள் நடக்கலாம். காலை பத்து மணிக்குள் உலக முடிவில் நிற்க வேண்டும். பிந்தினால் பனியைத் தவிர எதையும் காணமாட்டீர்கள். பொலித்தீன் உறைகளை வாசலில் கழற்றச் சொல்வார்கள், ஆகவே உணவை வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டுங்கள். பூங்காவுக்குள் கூடாரமடிக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை.

மீண்டும் கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பம்பரகந்தைக்கே வருகிறோம், தியலுமவைக் கீழிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இரவில் விறகு மூட்டலாமா?

பதில் (கொஸ்லந்தையில் பிறந்தவர்)

காணிக்காரர் காட்டும் இடத்தில் மட்டும் மூட்டுங்கள் தம்பி. சுற்றிலும் மானாப்புல், காய்ந்திருக்கும்போது ஒரு பொறி காற்றில் பறந்தாலே மலை பற்றிக்கொள்ளும். சமையலுக்குச் சிறிய காஸ் அடுப்பு கொண்டுவாருங்கள். ஐயாவுக்கு ஒரு கம்பளியும், எல்லோருடைய காலுக்கும் அட்டைக்காகச் சவர்க்காரமும் உப்பும் மறக்க வேண்டாம்.