வாலஸ் சேகரிப்பு, லண்டன்: உங்களை நிறுத்தி வைத்த பொருள் எது? அனுபவங்களைப் பகிருங்கள்

குரோய்டன்வாசி:

லண்டனுக்கு வரும் நம்மவர்கள் பிரிட்டிஷ் மியூசியம், லண்டன் கோபுரம், மெழுகுச் சிலைகள் என்று பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களுக்குக்கூட, அந்தத் தெருவுக்குப் பின்னால் மான்செஸ்டர் சதுக்கத்தில் வாலஸ் சேகரிப்பு என்று அருங்காட்சியகமாகிவிட்ட ஒரு வீடு இருப்பது தெரிவதில்லை. பாண்ட் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. போனவர்கள் எந்தப் பொருளின் முன்னால் நின்றுவிட்டீர்கள் என்று எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

ஹெர்ட்ஃபோர்டு பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பொருட்கள் இவை. நான்காம் பிரபு பாரிசிலேயே வாழ்ந்து ஓவியமும் மரச்சாமானும் பீங்கானும் வாங்கிக் குவித்தார். 1870இல் அவர் இறந்தபோது சேகரிப்பு ரிச்சர்ட் வாலஸிடம் வந்தது. வாலஸ் அவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் என்றே பலரும் கருதுகிறார்கள். பிரபு கடைசிவரை அதைச் சொல்லவில்லை. அதே ஆண்டு பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டது. கையில் அவ்வளவு பணம் இருந்தும் வாலஸ் ஊரை விட்டுப் போகவில்லை. காயம்பட்டவர்களுக்கும் பட்டினி கிடந்தவர்களுக்கும் அள்ளிக் கொடுத்தார். பிறகு 1872 முதல் பாரிஸ் தெருக்களில் குடிநீர் ஊற்றுகள் வைக்கச் செய்தார். நான்கு பெண்கள் தலையில் கூரை தாங்கி நிற்கும் அந்தப் பச்சை வண்ண வார்ப்பிரும்பு ஊற்றுகளில் ஒன்று இந்த வீட்டின் வாசலிலும் இருக்கிறது. உள்ளே போகும் அவசரத்தில் அதைத் தாண்டிவிடாதீர்கள்.

வாலஸின் மனைவி இளமையில் பாரிசில் வாசனைத் திரவியக் கடையில் வேலை பார்த்தவர் என்று சொல்வார்கள். அவர்தான் 1897இல் எல்லாவற்றையும் நாட்டுக்கு எழுதி வைத்தார். சேகரிப்பு சிதறாமல், வேறு பொருள் கலக்காமல் இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 1900இல் வீடு பொதுமக்களுக்குத் திறந்தது. வெளியே இரவல் கொடுக்க 2019இல்தான் சட்டப்படி அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு இத்தாலிய ஓவியர் டிஷியனின் பெர்சியஸ் ஓவியம் தேசிய ஓவியக்கூடத்துக்குப் போய், அவர் அதே வரிசையில் தீட்டிய சகோதர ஓவியங்களோடு சேர்ந்து தொங்கியது. ஒரு காலத்தில் அந்த ஓவியம் இந்த வீட்டின் குளியலறையில் மாட்டியிருந்ததாம்!

என்னை நிறுத்தியது மாடிப்படியின் கிராதி. இரும்பும் வெண்கலமும் சேர்த்து, பதினைந்தாம் லூயி சிறுவனாக இருந்த காலத்தில் பாரிசின் அரச வங்கிக்காகச் செய்தது. 19ஆம் நூற்றாண்டில் யாரோ அதைப் பழைய இரும்பாக விற்றிருக்கிறார்கள். வாலஸ் வாங்கி இங்கே பொருத்தினார். ஒரு கொடியின் வளைவுகூட இன்னொன்றின் மேல் முட்டாமல் இரும்பை இழுத்து வளைத்த அந்த வேலைக்காரர்களை நினைத்துக்கொண்டு படியேறினேன். மேலே ஓவியங்கள் காத்திருக்கின்றன என்று தெரிந்தும் பாதி வழியில் நின்றுவிட்டேன்.

ஹாரோ அம்மா:

நல்ல தலைப்பு அண்ணா. என் மகனுக்கு ஒன்பது வயது. ஓவியம் என்றால் ஐந்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான். அதனால் நேரே கீழ்த்தளத்துக் கவச அறைகளுக்குக் கூட்டிப் போனேன். அங்கே குதிரைமேல் ஒரு வீரன் இருக்கிறான். குதிரைக்கும் ஆளுக்கும் தலை முதல் கீழ்வரை இரும்பு. 1480 வாக்கில் ஜெர்மனியின் லாண்ட்ஸ்ஹூட் நகரத்தில் செய்த கவசம். மகன் வாயைத் திறந்தவன் மூடவில்லை.

"இவ்வளவு பாரத்தோட எப்படி அம்மா நடப்பாங்க?" என்று கேட்டான். வீரனைக் கிரேன் கட்டித் தூக்கித்தான் குதிரையில் ஏற்றுவார்கள் என்று அவன் எங்கேயோ பார்த்திருக்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற காவலரிடமே கதைத்தேன். அவர் மிகவும் சந்தோஷப்பட்டு விளக்கினார். கிரேன் கதை முழுப் பொய். ஆளின் கவசம் ஏறத்தாழ 27 கிலோதான். அந்தப் பாரம் ஒரே இடத்தில் தொங்காமல் தோள், இடுப்பு, கால் என்று உடம்பு முழுக்கப் பிரிந்துவிடும். மூட்டுகளில் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகிற மாதிரி ஆணியும் தோல்வாரும் வைத்துக் கட்டியிருப்பதால் குனியலாம், ஓடலாம், தானாகவே குதிரை ஏறலாம். அன்று பிள்ளைகள் போட்டுப் பார்க்க ஓர் இரும்புக் கையுறை வைத்திருந்தார்கள். மகன் விரலை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கொண்டு எழுதவே முடியும்போல இருக்கு" என்றான்.

அதற்குப் பக்கத்தில் உடம்பெல்லாம் மேடும் பள்ளமுமாக வரி ஓடுகிற கவசங்களும் உண்டு. 1500க்குப் பிறகு ஜெர்மனியில் வந்த மோஸ்தர். அழகுக்கு என்று நினைத்தேன். நம் தகரக் கூரையில் நெளிவு வைத்தால் மெல்லிய தகடும் வளையாமல் நிற்கிறது அல்லவா, அதே காரணமும் இதில் உண்டாம். எடையைக் கூட்டாமல் பலம் கூட்டுகிற வழி.

குதிரைமேல் வந்து ஈட்டியால் மோதுகிற விளையாட்டுப் போட்டிக்கான கவசம் வேறு. அது போர்க் கவசத்தைவிடக் கனம். தலைக்கவசத்தை மார்போடு திருகி முடுக்கிவிடுவார்கள், தலையைத் திருப்ப முடியாது. முன்னால் சாய்ந்தால்தான் கண்ணுக்கு வழி தெரியும். ஈட்டி மோதும் நேரத்தில் நிமிர்ந்துவிட்டால் முகத்துக்கு முன்னால் இடைவெளியே இல்லை. அதை மகனுக்குச் செய்து காட்ட அந்தக் காவலர் தானே குனிந்து நிமிர்ந்தார். பிள்ளைகளோடு போகிறவர்கள் தயங்காமல் அங்கே நிற்பவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு இந்தப் பொருட்கள்மேல் உண்மையான பாசம் இருக்கிறது.

சேலத்துக்காரர்:

மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது போனேன். உருக்கைச் சூடாக்கிப் பதப்படுத்தும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் என் கண் இரும்பைத்தான் தேடும். கவச அறைகள் நான்கு. மூன்றில் ஐரோப்பா, ஒன்றில் இந்தியா, பாரசீகம், துருக்கி. ஐரோப்பியக் கவசங்களில் பெரும்பகுதியை வாலஸ் 1871இல் மொத்தமாக வாங்கினார். கீழைநாட்டு ஆயுதங்கள் நான்காம் பிரபுவின் ஆசை. இந்த நான்காவது அறைக்கு வந்தவுடன் பலர் நடையைக் கூட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அங்கே மொகலாயக் குத்துவாள் ஒன்று இருக்கிறது. ஜஹாங்கீர் காலத்து வேலை. தங்கப் பிடி முழுக்க மாணிக்கம், மரகதம், வைரம். எல்லோரும் அதைப் படம் எடுக்கிறார்கள், எடுக்க வேண்டிய பொருள்தான். ஆனால் இந்த அறையில் பிடியைப் பார்க்கிற கண்ணை அலகுக்கும் இறக்குங்கள். சில வாள்களில் சாம்பல் நிறத்தில் அலையலையாக வரி தெரியும். யாரும் செதுக்கியதில்லை. உருக்குக்குள்ளேயே இருப்பது.

மூசை உருக்கு அது. மூசை என்றால் உலோகம் உருக்கும் மண் குடுவை. இரும்பையும் கரியையும் இலை தழையையும் களிமண் மூசைக்குள் போட்டு, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதி நெடுநேரம் உலையில் வைப்பார்கள். உள்ளே இரும்பு கரியைக் குடித்து உருகும். பிறகு மெல்ல ஆறவிட வேண்டும். இதில் கரி (கார்பன்) ஏறத்தாழ ஒன்றரை சதவீதம், சாதாரண உருக்கைவிடப் பல மடங்கு. ஆறும்போது அது இரும்போடு சேர்ந்து மிகக் கடினமான நுண்துகள்களாகத் திரளும். அடித்து நீட்டும்போது அந்தத் துகள்கள் வரிசை கட்டி நிற்பதுதான் நாம் பார்க்கும் வரி.

கஷ்டம் அடிப்பதில் இருக்கிறது. உலையில் சூடு கூடிப்போனால் துகள் கரைந்து வரி அழியும், கட்டியே நொறுங்கவும் செய்யும். சூடு குறைந்தால் சம்மட்டிக்கு வளையாது, வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு குறுகிய சிவப்பு நிறம். எனக்கு வேலையிடத்தில் உலையின் வெப்பத்தைச் சொல்லக் கருவி இருந்தது. அந்தக் கொல்லர்களுக்குக் கண் மட்டும்தான். அந்த அலகின் முன்னால் நான் நின்ற நேரத்தில் மகள் மற்ற அறைகளைச் சுற்றிவிட்டு வந்துவிட்டாள்.

தென்னிந்தியாவும் இலங்கையும் இந்த உருக்கைச் செய்து வெளியே அனுப்பிய நாடுகள். நொய்யல் கரையில் கொடுமணலில் பழங்கால இரும்பு, உருக்கு உலைகளின் தடயங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர்களே வந்து தங்கி உருக்குக் கட்டிகள் வாங்கினார்கள். எங்கள் சேலம் பக்கத்துக் கொல்லர்கள் மூசையில் உருக்கு செய்ததை 19ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயர்களே பார்த்து எழுதியிருக்கிறார்கள். இந்த அறையில் உள்ள குறிப்பிட்ட வாள் நம் ஊர் உருக்கு என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்தக் கலை எந்த மண்ணில் வளர்ந்தது என்பது தெரிந்து பார்க்கும்போது பார்வையே மாறுகிறது.

இன்னொன்று. 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்த இந்திய உருக்கைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வாசித்தார்கள். 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து, இதே மாதிரி உருக்கைச் செய்து பார்க்க ராயல் இன்ஸ்டிட்யூஷனில் முயன்றார். அந்தக் கட்டடம் ஆல்பமார்ல் தெருவில், வாலஸ் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். நான் இரண்டையும் ஒரே நாளில் பார்த்தேன், மனம் நிறைந்தது.

ஐரோப்பியர் உருக்கிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இன்ஸ்ப்ரூக், ஆக்ஸ்பர்க் பட்டறைகள் கவசத்தைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு கொடுத்துக் கடினப்படுத்தின. இத்தாலியர்கள் 16ஆம் நூற்றாண்டில் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். பாதரசம் வைத்துத் தங்கம் பூசும்போது கொடுக்கும் சூடு, ஏற்றிய கடினத்தை இறக்கிவிடும். பளபளப்பு வேண்டுமா, பலம் வேண்டுமா என்று வந்தபோது அவர்கள் பளபளப்பைத் தேர்ந்தார்கள். எட்டாம் ஹென்றி கிரீனிச்சில் ஜெர்மன் கொல்லர்களை வைத்து நடத்திய பட்டறையின் கவசமும் இங்கே உண்டு. பக்ஹர்ஸ்ட் பிரபுவுக்குச் செய்தது. ஸ்காட்லாந்து அரசி மேரிக்கு மரண தண்டனைச் செய்தியைச் சொல்லப் போனவர் அவர்.

என் மனதில் ஒரு குறை. ஐரோப்பிய அறைகளில் செய்தவரின் பெயரோ, பட்டறை முத்திரையோ, நகரமோ அடிக்கடி கிடைக்கிறது. இந்திய வாளுக்கு வந்தால் வைத்திருந்தவர் பெயர்தான்: ரஞ்சித் சிங், திப்பு. அடித்தவர் பெயர் இல்லை. அருங்காட்சியகத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, பல நேரம் அந்தப் பெயரை நம் பக்கத்திலேயே யாரும் எழுதி வைக்கவில்லை.

ஓவிய மாணவி:

ஐயா, நீங்கள் சொன்ன குறைக்கு ஒரு நல்ல பதில் இதே வீட்டில் கிடைத்தது. 2019 டிசம்பரில் தொடங்கிய ஒரு கண்காட்சி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த இந்திய ஓவியர்களைப் பற்றியது. அதுவரை 'கம்பெனி ஓவியம்' என்று மொத்தமாகச் சொல்லிவந்ததை, ஓவியர் ஓவியராகப் பெயர் சொல்லி வைத்தார்கள். ஷேக் ஜைனுதீன், சீதா ராம், குலாம் அலி கான், அப்புறம் நம் வேலூர் எல்லப்பா. அவர் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும் தன் உருவத்தையே தீட்டியிருக்கிறார். ஆங்கிலேய அதிகாரிக்கு வேலை செய்த ஒருவர், 1830களில், நான் இன்னார் என்று தன் முகத்தைக் காகிதத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வேலூர்ப் பக்கம் பிறந்த எனக்கு அதன் முன்னால் கண் கலங்கிவிட்டது. மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் மூடியதால் பலர் அதைப் பார்க்க முடியாமல் போனது இன்னமும் வருத்தம்.

நிரந்தரக் காட்சியில் ஃபிராகோனாரின் ஊஞ்சல் ஓவியத்தைச் சுற்றி எப்போதும் கூட்டம். 2021இல் சுத்தம் செய்த பிறகு அந்த இளஞ்சிவப்பு உடை நன்றாகத் தெரிகிறது. நான் போனால் வெலாஸ்கெஸின் விசிறிப் பெண்ணிடம்தான் நிற்பேன். பெரும்பாலும் கறுப்பிலும் பழுப்பிலுமே இவ்வளவு உயிரா என்று இருக்கும். சிரிக்கும் வீரர் என்று பெயர் வாங்கிய ஃபிரான்ஸ் ஹால்ஸின் ஓவியத்தில் அவர் சிரிக்கவே இல்லை, மீசைதான் மேலே வளைந்திருக்கிறது. அவருடைய வெள்ளைச் சரிகைக் கைப்பட்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள், வெறும் தூரிகைத் தீற்றல்.

பார்த்துவிட்டு எனக்குக் கோபம் வந்த பொருளும் ஒன்று உண்டு. தங்கத்தில் செய்த ஒரு மனிதத் தலை. மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தே அரசரின் கருவூலத்திலிருந்து 1874இல் பிரிட்டிஷ் படை குமாசியைக் கொளுத்தியபோது எடுத்து வந்தது. அபாரமான வேலை. அது கானாவில் இருக்க வேண்டிய பொருள் என்பது என் கருத்து. மற்றவர்கள் மாறுபடலாம்.

ஐயா, ஒரு கேள்வி. வாளின் வரி எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எப்படிப் பார்ப்பது?

சேலத்துக்காரர்:

நேராக நின்று பார்க்காதீர்கள் அம்மா. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் போய், அலகின் உயரத்துக்குக் குனிந்து, விளக்கு அலகில் வழுக்குகிற கோணத்தைப் பிடியுங்கள். ஒரு அடி நகர்ந்தால் மறையும், மறுபடி வரும். பிடிக்குக் கொஞ்சம் முன்னால், அலகு அகலமாக இருக்கும் இடத்தில் முதலில் தேடுங்கள். எல்லா அலகிலும் இருக்காது. சிலது அதிகமாகத் தேய்த்து மெருகேற்றியதில் மங்கியிருக்கும்; அமிலத்தால் மேற்பரப்பை லேசாக அரித்தால்தான் வரி வெளியே வரும், அதை அவர்கள் எளிதில் செய்ய மாட்டார்கள். செய்யவும் கூடாது.

அடுத்து லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்துக்குப் போக ஆசை. அங்கே யானைக்கான மொகலாயக் கவசம் இருக்கிறது. சென்னையில் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி, 1801இல் இங்கிலாந்து திரும்பியபோது கொண்டு வந்தது. ஆயிரக்கணக்கான சிறு தகடுகளைச் சங்கிலி வளையங்களால் கோத்தது. சில பகுதிகள் தொலைந்த பிறகும் 100 கிலோவுக்கு மேல். யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள், தகட்டைக் கோத்த விதம் எப்படி என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.