பெயருக்குக் கீழே என்ன போடுவது?

2019 மக்களவைத் தேர்தல் நேரம். சென்னையில் ஒரு செய்தி சேனலில் விவாதத்துக்கு ஆள் பிடிக்கும் வேலை எனக்கு. நாலு மணிக்குத்தான் தலைப்பு முடிவாகும், எட்டு மணிக்கு நாலு நாற்காலியும் நிறைந்திருக்க வேண்டும். கட்சிக்காரர்கள் கிடைத்துவிடுவார்கள். மிச்ச நாற்காலிக்கு ஓர் ‘அரசியல் விமர்சகர்’.

அடிக்கடி வந்த ஒருவர், ஒரு கட்சிக்குப் பேச்சுக் குறிப்பு எழுதிக்கொடுத்து மாதாமாதம் பணம் வாங்குவதை டீ குடிக்கும்போது அவரே சொல்லியிருக்கிறார். ஒருநாள் ஆஸ்டனில், அதாவது திரையில் பெயருக்குக் கீழே ஓடும் வரியில், அந்தக் கட்சியின் ஆதரவாளர் என்று அடித்து அனுப்பிவிட்டேன். முதல் இடைவேளையில் மைக்கைக்கூடக் கழற்றாமல் கூப்பிட்டார். “தம்பி, அதை மாத்திடுங்க. கட்சிக்காரன்னு போட்டா நான் சொல்றதை யார் கேப்பா?” மேலே இருந்தும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். அன்றைக்கு உறுத்தக்கூட இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

*

உங்களுக்கு ஆஸ்டன் என்றால் எங்களுக்குக் கவர், தம்பி. நான் மாவட்ட நிருபராக இருந்தவன். லாட்ஜ் ஹாலில் பிரஸ் மீட், அறிக்கையோடு பின் அடித்த கவர், உள்ளே ஐந்நூறு. ஒருமுறை திருப்பிக் கொடுத்தேன். கொடுத்தவர் கோபப்படவில்லை, பக்கத்தில் இருந்த நிருபர்தான் ஒரு வாரம் பேசவில்லை. இதுவாவது சில்லறை. 2009 தேர்தலில் காசுக்குச் செய்தி போட்டதை பத்திரிகைகளைக் கண்காணிக்கும் பிரஸ் கவுன்சிலின் இரண்டு பேர் குழு பத்திரிகைகளின் பெயரோடு எழுதிக் கொடுத்தது. கவுன்சில் 2010இல் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. முழு அறிக்கை வர 2011இல் தகவல் ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

*

நான் வெறும் பார்வையாளர். ஒரு விமர்சகர் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்டுப் புகார் அனுப்பப் போனேன். பிரஸ் கவுன்சில் அச்சுப் பத்திரிகைகளுக்குத்தானாம். டிவிக்குச் சேனல்களே வைத்திருக்கும் அமைப்பு, அதுவும் உறுப்பினர் சேனல்களுக்கு மட்டும். 2023இல் அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம். அது போதுமா என்று அந்த ஆண்டு உச்ச நீதிமன்றமே கேட்டது. சரி, முதலில் சேனலுக்கே எழுதினேன். பதினைந்து நாள் கழித்து ஒரே வரியில் பதில்: “விருந்தினரின் கருத்துகள் அவருடைய சொந்தக் கருத்துகள்.”

*

அக்கா, அந்த வரி எங்கள் சேனலில் ரெடியாகவே இருக்கும். தேதியை மட்டும் மாற்றி அனுப்புவோம்.