மறு: ‘நான்-பைண்டிங் ரெசல்யூஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத தீர்மானத்தை ஆங்கிலத்தில் ‘நான்-பைண்டிங் ரெசல்யூஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: கட்டுப்படுத்தாத் தீர்மானம், பிணையாத் தீர்மானம், வலுவற்ற தீர்மானம். மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம். கென்யத் தேர்தல் வன்முறை பற்றிய ஐரோப்பிய நாடாளுமன்றத் தீர்மானத்தைத் தமிழாக்கும்போது எழுந்த கேள்வி என்பதால், அதை வைத்தே பேசிவிடலாம்.

கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று அதிபர் தேர்தல் வாக்குப்பதிவு. 30ஆம் தேதி, அப்போதைய அதிபர் முவாய் கிபாக்கியே வென்றதாக அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே அவசர அவசரமாகப் பதவியேற்பும் முடிந்தது. மோலோ தொகுதியில் கிபாக்கிக்கு 50,145 வாக்குகள் என்று பார்வையாளர்கள் முன்னிலையில் அறிவித்திருந்தார்கள். நைரோபியில் தேர்தல் ஆணையம் அதே தொகுதிக்கு 75,261 என்றது. இதை வெளியே சொன்னது ஐரோப்பிய ஒன்றியத்தின் பார்வையாளர் குழு. அதன் தலைவர் அலெக்சாண்டர் லாம்ப்ஸ்டார்ஃப் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். ஆகவே 2008 ஜனவரி 17 அன்று அந்த நாடாளுமன்றம் தீர்மானம் போட்டபோது, நேரில் கண்டவர்களின் சாட்சியம் அதன் கையில் இருந்தது.

தீர்மானத்தின் முனை பணத்தில்தான் இருக்கிறது. வாக்குப்பதிவுக்கு மறுநாளே, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கென்ய அரசின் கருவூலத்துக்கு 4.06 கோடி யூரோ அனுப்பியிருந்தது. அதைக் கண்டித்து, அரசியல் தீர்வு வரும்வரை இப்படிப்பட்ட உதவியை நிறுத்திவைக்கச் சொன்னது நாடாளுமன்றம். ஆணையம் இதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் ஆணையத்தின் ஆண்டுக் கணக்கை ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்வது இதே நாடாளுமன்றம்தான். அதனால் நாடாளுமன்றம் சொன்னதை ஆணையம் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இதைப் போய் ‘வலுவற்ற’ என்றால், படிக்கிறவர் வெற்றுக் காகிதம் என்று நினைத்துக்கொள்வார்.

‘கட்டுப்படுத்தாத் தீர்மானம்’ இலக்கணப்படி சரி. ஆனால் ஒரு செய்தித் தலைப்பில் வைத்துப் பாருங்கள்: ‘கென்ய வன்முறை: கட்டுப்படுத்தாத் தீர்மானம் நிறைவேற்றம்’. எதைக் கட்டுப்படுத்தவில்லை? வன்முறையை என்றுதான் யாரும் படிப்பார்கள். பிணையாத் தீர்மானத்திலோ ஜாமீன் நினைவு குறுக்கே வருகிறது.

நம் சட்டமன்ற வழக்கைப் பார்க்கலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம், கண்டனத் தீர்மானம், இரங்கல் தீர்மானம். ஒரு தீர்மானம் என்ன செய்கிறதோ, அதையே பெயராக வைத்திருக்கிறார்கள். நாளிதழ்களும் ‘மத்திய அரசை வலியுறுத்தி சட்டமன்றத்தில் தீர்மானம்’ என்றே எழுதிவருகின்றன. இலங்கை பற்றித் தமிழகச் சட்டமன்றம் 2013 மார்ச் 27 அன்று நிறைவேற்றியதும் இந்த வகைதான். அதனால் என் முன்மொழிவு: வலியுறுத்தல் தீர்மானம். வாசகருக்கு ஏற்கெனவே பழக்கமான வினை, தனி விளக்கம் வேண்டாம். புணர்ச்சி விதிப்படி ‘வலியுறுத்தற்றீர்மானம்’ என்று எழுத வேண்டாமா என்று யாராவது கேட்கலாம். இன்றைய உரைநடைக்குப் பிரித்து எழுதுவதே போதும்.

சட்டவல்லமை இல்லை என்பது இதில் நேரடியாகத் தெரியவில்லையே என்று நம் வழக்கறிஞர் ஐயா எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. அந்த விவரம் முக்கியமாகும் இடத்தில் ‘சட்டப்படி கட்டுப்படுத்தாது’ என்று வாக்கியமாகவே எழுதிவிடலாம் ஐயா. எல்லாச் சுமையையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டை நாம் ஏன் இவ்வளவு கவனமாகக் காக்க வேண்டும் என்பதற்கு ஜிம்பாப்வே ஒரு சான்று. அங்கே 2000 ஜூன் தேர்தலையொட்டி எதிர்க்கட்சியினர் மீது வன்முறை நடந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 2001இல் ஒரு சட்டமே இயற்றியது. டிசம்பர் 21 அன்று அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டார். பன்னாட்டு நிதியம், உலக வங்கி போன்றவற்றில் ஜிம்பாப்வேக்குப் புதுக் கடன் தருவதை எதிர்த்து வாக்களிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பிரதிநிதிகளுக்கு அதில் உத்தரவு, நிபந்தனைகளோடு. வலியுறுத்துவது வேறு, உத்தரவிடுவது வேறு. இரண்டையுமே ‘அமெரிக்கா தீர்மானம்’ என்று ஒரே தலைப்பில் போட்டுவிட்டால், அடுத்து என்ன நடக்கும் என்பது வாசகருக்குப் பிடிபடாது.

அப்புறம், கென்யத் தீர்மானத்தின் தமிழாக்க வரைவில் ‘கலவரம்’ என்று இருப்பதை எல்லா இடத்திலும் ‘வன்முறை’ என்று மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தேர்தல் வன்முறையை விசாரிக்கக் கென்யாவில் நியமிக்கப்பட்ட வாக்கி ஆணையம் 1,133 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. அதில் 405 பேர் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தவர்கள், பெரும்பாலும் போலீஸ் சுட்டது. எல்டோரெட் அருகே கியாம்பாவில் தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்த பெண்களையும் குழந்தைகளையும் தீவைத்துக் கொன்றார்கள். இரண்டு கும்பல் மோதிக்கொண்டதுபோல் ஒலிக்கும் ‘கலவரம்’ இங்கே பொருந்தாது, இறந்தவர்களுக்கு நியாயமும் செய்யாது.

சரி, இன்னொன்று பாக்கி. அமெரிக்காவின் ‘கன்கரன்ட் ரெசல்யூஷன்’ இரு அவைகளும் நிறைவேற்றுவது, அதிபரிடம் கையெழுத்துக்குப் போகாது. அதற்கு ‘ஈரவைத் தீர்மானம்’ என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. அழகான சொல், ஆனால் முதல் பார்வையில் ‘ஈரம்’ என்று கண் இடறுகிறது. ‘இரு அவைத் தீர்மானம்’ போதும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் வரைவு அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.