புதுப்பிப்பு: வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் பி.டி.ஓ. தண்டு உடைவு தீர்ந்தது

வலப்பனையில் மாட்டுப் பண்ணைக்கு வைக்கோல் கட்டும்போது, உழவு இயந்திரத்தின் சுழற்சியைக் கட்டும் இயந்திரத்துக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டின் குரொஸ் (மூட்டின் நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டு) ஒரே போகத்தில் மூன்று முறை உடைந்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் தடித்த தண்டு மாற்றினேன், அதுவும் போனது. பிழை தடிமனில் இல்லை, மூட்டு மடங்கும் கோணத்தில்தான் என்று மாத்தளை அண்ணன் எழுதியதே சரி. எங்களுடையவை படிக்கட்டு வயல்கள். ஒவ்வொரு முனையிலும் தண்டின் சுழற்சியை நிறுத்தாமலே திருப்பினோம். அவ்வளவு மடங்கினால் சாதாரண மூட்டு சீராகச் சுற்றாது, வெட்டி வெட்டி இழுக்கும். கழற்றிய குரொஸைத் தடவியபோது, அதன் முனைகளைச் சுற்றியுள்ள மெல்லிய ஊசி உருளைகள் அழுந்திய கோடுகள் நகத்தில் தட்டுப்பட்டன.

இப்போது உழவு இயந்திரப் பக்கம், திருப்பத்தில் 80 பாகை வரை தாங்கும் அகலக்கோண மூட்டு. மறுபக்கம், சுமை மிஞ்சினால் உடையாமல் வழுக்கிக் கொடுக்கும் சறுக்குக் கிளட்ச். நிமிடத்துக்கு 540 சுற்று, தண்டு பூட்டும் முனையில் 6 பல் என்பதில் மாற்றமில்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிறீஸ். இந்தப் போகம் முழுவதும் ஓர் உடைவும் இல்லை.

எதிர்பாராதது ஒன்று: தண்டு என்பது ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரு குழாய்கள்; புதியது நீளமாக இருந்ததால் திரும்பும்போது உள்குழாய் முட்டியது. இரு குழாய்களையும் காப்புறைகளையும் சம அளவு அறுத்து, பிசிறைத் தேய்த்த பின்பே பூட்டினேன். வாங்குமுன் கூர்மையான திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, தண்டு பூட்டும் இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.