1990-ல் கட்டிய சின்னக் கப்பலில் வயதான அப்பா அம்மாவுடன்: எந்த கேபின், எந்த ரூட்?

அடையாறுக்காரன்:

வணக்கம். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66, பிள்ளைகள் 12, 8. நாங்கள் இரண்டு பேரும் சேர்த்து ஆறு பேர். கார்டிலியா எம்பிரஸ் என்ற சுற்றுலாக் கப்பலில் போகலாம் என்று பேச்சு. சென்னையிலிருந்து இலங்கையா, மும்பையிலிருந்து லட்சத்தீவா என்று இன்னும் முடிவாகவில்லை. பழைய கப்பல், சின்னது, ரொம்ப ஆடும் என்று சொந்தத்தில் சிலர் தடுக்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, இரவில் சிபாப் கருவி (மூச்சு தடைபடாமல் முகமூடி வழியே காற்றைச் செலுத்துவது) போட்டுத்தான் தூங்குவார். அம்மாவுக்கு பஸ்ஸில் ஊட்டி ஏறினாலே வாந்தி. எந்த இடத்தில் கேபின் கேட்பது, எதை எடுத்துப் போவது, எதில் ஏமாறுவோம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நங்கூரம்:

வணக்கம் சார். முதலில் "சின்னது" என்பதற்கு ஒரு கணக்கு. இந்தக் கப்பல் பிரான்சின் சென்-நசேர் தளத்தில் கட்டப்பட்டு 1990-ல் நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ஓட ஆரம்பித்தது. 48,563 கிராஸ் டன், 211 மீட்டர் நீளம். கிராஸ் டன் என்பது எடை கிடையாது, கப்பலுக்குள் இருக்கும் மொத்த இடத்தின் அளவு. இன்றைய ராட்சசக் கப்பலான ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் இது. கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்தால் சுமார் 1,600 பயணிகள், தலைக்கு 30 கிராஸ் டன். ஐகானில் அதே கணக்குக்கு 44 வரும். நம் ஊரில் ஒரே கேபினில் மூன்று நான்கு பேர் தங்குவது சகஜம் என்பதால் உண்மையில் 30-க்கும் கீழே இறங்கிவிடும். சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட் முன்னால் நிற்கும் கூட்டத்துக்குக் காரணம் அதுதான்.

வயதை நினைத்துப் பயப்பட வேண்டாம். 3, 4 இரவு சுற்றுக்கென்றே வடிவமைத்த கப்பல் இது. கூபாவின் சின்னத் துறைமுகங்களுக்குள் நுழைய முடிந்ததும் இந்த அளவால்தான். ஒரு மணி நேரம் நடந்தால் முழுக் கப்பலும் பழகிவிடும், பெரியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஆட்டம் இரண்டு வகை. பக்கவாட்டில் உருளுவதை, தண்ணீருக்குள் இறக்கை மாதிரி நீட்டிக்கொள்ளும் ஸ்டெபிலைசர் நன்றாகவே அடக்கும். ஆனால் அந்த இறக்கைக்குத் தண்ணீர் வேகமாக ஓட வேண்டும். கப்பல் மெதுவாகப் போனாலோ நங்கூரம் போட்டு நின்றாலோ அதன் பலன் குறைந்துவிடும். மூக்கு மேலே ஏறி இறங்குகிற முன்பின் ஆட்டத்தை அது தொடுவதே இல்லை, அங்கே கப்பலின் நீளம்தான் காப்பாற்றும். 365 மீட்டர் கப்பல் ஒரே சமயத்தில் பல அலைகள் மேல் படுத்துக்கொள்ளும், 211 மீட்டர் கப்பல் அலைக்கு அலை கொஞ்சம் குனிந்து நிமிரும்.

அதனால் கேபின்: நீளவாக்கில் நடு, உயரத்தில் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. பால்கனிக்கு ஆசைப்பட்டு மேல் தளத்தின் முன் மூலையை எடுத்தால் அம்மா மூன்று நாளும் படுக்கையில்தான். (இந்தக் கப்பலில் பால்கனி மிகக் குறைவு. அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் சூட் எனும் பெரிய அறைகளுக்குத்தான்.) பின் கோடியும் வேண்டாம். கப்பலுக்கு வெளியே தொங்கும் அசிபாட் மோட்டார் பயணிகள் கப்பலில் முதலில் வந்ததே 1998-ல். இது நீளத் தண்டில் ப்ரொப்பல்லர் சுழலும் பழைய முறை. பின்பக்கம் சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரியும், மேஜை மேல் வைத்த டம்ளர் மெல்லக் கிணுகிணுக்கும். முன் கோடியில் வேறு தொல்லை: கரை அணையும்போது விடியற்காலையில் பௌ த்ரஸ்டர் (கப்பலின் மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும் ப்ரொப்பல்லர்) போடுவார்கள், தலைமாட்டில் கல் உடைப்பது போல இருக்கும்.

புக் செய்யும் முன் டெக் பிளானை (தளங்களின் வரைபடம்) எடுத்து, உங்கள் கேபினுக்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபினாக இருந்தால் சரி. மேலே நீச்சல்குளமோ சமையற்கட்டோ இருந்தால் காலை 5 மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம், தள்ளுவண்டிச் சத்தம். கீழே அரங்கமோ பாரோ இருந்தால் நள்ளிரவு தாண்டியும் பாஸ் ஒலி. "கேரன்டி கேபின்" என்று விலை குறைத்துத் தருவதை எடுக்காதீர்கள். எண்ணை அவர்கள்தான் ஒதுக்குவார்கள், மிச்சம் கிடக்கும் மூலைதான் வரும்.

கிழக்குக்கரை:

மேலே சொன்னது அத்தனையும் சரி. கேபினுக்குள் நடப்பதைச் சேர்க்கிறேன்.

ஆறு பேருக்கு அடுத்தடுத்து இரண்டு கேபின், உள்கதவு இருந்தால் இன்னும் நல்லது. உள் கேபின் சுமார் 120 சதுர அடிதான். மூன்றாம், நான்காம் படுக்கைகள் சுவரிலோ கூரையிலோ மடங்கியிருந்து இரவில் இறங்கும். அவை இறங்கியதும் ஏணியும் வந்துவிடும், தரையில் ஒருவர் நிற்கத்தான் இடம். மேல் படுக்கைக்குப் பிள்ளைகளை ஏற்றுங்கள். அப்பா அம்மாவுக்கு ஒரு கேபின் தனியாக, இரண்டும் கீழ்ப் படுக்கையாகக் கேளுங்கள். பெட்டி கட்டிலுக்கு அடியில் போக வேண்டும், எனவே மெத்தென்ற பை நல்லது. சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி ஐந்தாறு வாங்கிப் போனால் தொப்பி, பை, ஈரத்துணி எல்லாம் சுவரேறிவிடும்.

கரண்ட்: பிளக் பாயின்ட் மேஜையருகே ஒன்றிரண்டுதான், கட்டில் பக்கம் எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்க நிறுவனத்தின் கப்பலாக இருந்ததால் தட்டைப் பின் 110 வோல்ட்டும், உருண்டை இரண்டு பின் 220 வோல்ட்டும் இருக்கும். போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு பின் 220-ல் நேராகப் போய்விடும். லேப்டாப்பின் மூன்று பின் போகாது, அடாப்டர் வேண்டும். 110-ல் செருகும் முன் சார்ஜரில் 100-240 என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென எகிறினால் காக்கும் பாகம்) உள்ள எக்ஸ்டென்ஷன் கொண்டு போகாதீர்கள், ஸ்கேனிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். காரணம் உண்டு. வீட்டில் நியூட்ரல் பூமியோடு சேர்ந்திருக்கும், கப்பலில் அப்படி இல்லை, இரண்டு கம்பிக்கும் கப்பலின் இரும்பு உடம்புக்கும் இடையே மின்னழுத்தம் இருக்கும். அங்கே அந்தப் பாதுகாப்புச் சில்லு தப்பான பாதையில் மின்சாரத்தைக் கடத்திச் சூடேறித் தீப்பிடிக்கலாம். இஸ்திரிப்பெட்டி, கெட்டில் கிடையவே கிடையாது. சிபாப் கருவி இருப்பதைப் புக்கிங்கின்போதே எழுத்தில் சொல்லி, கட்டில் வரை வரும் நீள ஒயரைக் கப்பல் தரப்பிலேயே கேளுங்கள். கருவியில் ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீருக்கும் ஏற்பாடு கேட்டுக்கொள்ளுங்கள்.

குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் தடுக்க ஒரு நிலைப்படி உயர்ந்து நிற்கும். இரவில் அப்பாவின் கால் அதில்தான் இடறும். ஒரு சின்ன பேட்டரி இரவு விளக்கைக் காந்தத்தில் அங்கே ஒட்டிவிடுங்கள். டாய்லெட் வாக்யூம் முறை. ஒரு தடவைக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான் தண்ணீர், மிச்சத்தை உறிஞ்சும் காற்று செய்கிறது. மூடியை மூடிவிட்டு அமுக்குங்கள். வெட் டிஷ்யூ, நாப்கின் போட்டால் உங்களுடையது மட்டும் அடைக்காது, அதே குழாயில் இருக்கும் மேல்கீழ் கேபின்களும் சேர்ந்து நிற்கும். ஹெல்த் ஃபாசெட் உண்டா என்று முன்பே கேளுங்கள், எப்படியும் ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப் போங்கள். குளியலறையில் சாக்கடை வாசம் வந்தால் பதறாதீர்கள். தரை வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்திருக்கும். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிஷத்தில் போய்விடும்.

அடித்தளத்து வட்ட ஜன்னலுக்கு உள்ளே ஒரு கனத்த இரும்பு மூடி இருக்கலாம். கடல் முரண்டினால் ஊழியர் வந்து அதை மூடித் திருகிவிட்டுப் போவார். அது வழக்கமான முன்னெச்சரிக்கைதான் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் கலங்கிப்போவார்.

தெற்குமுனை:

ரூட் பற்றி. அப்பாவின் முழங்காலை வைத்துப் பார்த்தால் இலங்கைதான். லட்சத்தீவில் இந்த அளவுக் கப்பல் அணையும் பாலம் கிடையாது. வெளியே நின்று, படகில் மாற்றித்தான் கரைக்குக் கொண்டுபோவார்கள். அலையில் படகு ஏறி இறங்கும். அது மேலே வரும் அந்த நொடியில், ஊழியர் முழங்கையைப் பிடித்து "இப்போ" என்றதும் கால் வைக்க வேண்டும். யோசித்தால் படகு அரை மீட்டர் கீழே போயிருக்கும். அலை கூடினால் தீவில் இறங்குவதையே ரத்து செய்வார்கள், அது கேப்டனின் முடிவு. இறங்க முடியாமல் போனால் என்ன திருப்பித் தருவார்கள் என்பதை டிக்கெட் நிபந்தனையில் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

இலங்கையிலும் மாதம் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து இந்தக் கப்பல் ஓட ஆரம்பித்ததே, தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், கிழக்கு அமைதியாக இருக்கும் என்பதால்தான். சென்னை-திருகோணமலை சுமார் 275 கடல் மைல், 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) வேகத்தில் 17 மணி நேரம். அந்தப் பக்கம் அந்த மாதங்களில் நன்றாக இருக்கும். ஆனால் அதே பருவத்தில் காலி நகரிலிருந்து அம்பாந்தோட்டை வழியாகப் பொத்துவில் வரை தீவின் தென்விளிம்பு முரட்டுக் கடல். அம்பாந்தோட்டை உள்ள பயணத்தில், பொத்துவில் தாண்டியதும் ஆட்டம் கூடும் என்று எதிர்பாருங்கள். திருகோணமலை, காங்கேசன்துறை மட்டும் உள்ள சுற்று கிடைத்தால் அம்மாவுக்கு அதுதான் ஏற்றது. இலங்கை நுழைவு அனுமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன, புறப்படும் வாரத்திலும் ஒருமுறை பாருங்கள்.

விலையில், விளம்பரத் தொகையோடு துறைமுகக் கட்டணம், சேவைத் தொகை, ஜிஎஸ்டி சேரும். ஆறு பேருக்கு மொத்தம் எவ்வளவு என்று ஒரே எண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

அடையாறுக்காரன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. திருகோணமலை சுற்று, நடுவில் தாழ்வாக இரண்டு கேபின் என்று முடிவு செய்துவிட்டோம். அம்மாவுக்கு அவோமின் (வாந்தித் தடுப்பு மாத்திரை) போதுமா? எப்போது கொடுப்பது?

கிழக்குக்கரை:

வாந்தி ஆரம்பித்த பிறகு மாத்திரை வயிற்றில் நிற்காது, அதனால்தான் பலருக்கு "வேலை செய்யவில்லை". புறப்பட இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். அவோமின் தூக்கம் வரவைக்கும், வாய் உலரும். கண் அழுத்தம், சிறுநீர்த் தடை, வேறு மாத்திரைகள் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மாத்திரை போட்ட இரவில் படிக்கட்டில் தனியே விடாதீர்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது: இட்லி, ரஸ்க், இஞ்சி. தலை சுற்றினால் நடுத் தளத்தில் வெளியே உட்காரவைத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், போனைப் பார்க்க விடாதீர்கள். அதுவும் முடியாவிட்டால் கேபினில் மல்லாந்து கண்ணை மூடிப் படுப்பதுதான் வழி.

ஏறிய உடனே பாதுகாப்புப் பயிற்சி இருக்கும், ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். அது முடிந்து திரும்பும்போது கேபின் கதவிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று அப்பாவும் பிள்ளைகளும் எண்ணிவைக்கட்டும். புகையில் தரையோர ஒளிப்பட்டையும் அந்த எண்ணிக்கையும்தான் வழிகாட்டும்.

இன்னொன்று, மாத்திரை, சிபாப், ஒரு மாற்று உடை மூன்றையும் கைப்பையில் வையுங்கள். கொடுத்தனுப்பிய பெட்டி கேபின் வாசலுக்கு வர இரவாகலாம்.