மறு: ஸ்பாண்ட்ரல் – பக்கச்சுவரா, தோளா, கவுளா?

வணக்கம். பாலக் கட்டுமானக் கலைச்சொல் பட்டியலில் ‘ஸ்பாண்ட்ரல்’ (spandrel) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம் அல்லவா? வில் (arch) வடிவப் பாலத்தின் ஒரு பகுதி அது. வந்த கருத்துகளுக்கு என் பதில்கள் கீழே.

> வில்லின் இரு பக்கமும் எழும்பி நிற்கும் சுவர்தானே? ‘பக்கச்சுவர்’ என்று முடித்துவிடலாமே.

ஈப்போ நண்பரே, நாம் பெயர் தேடுவது சுவருக்கு அல்ல. வில்லின் முதுகுக்கும் பாலத்தின் தளத்துக்கும் நடுவே இரு பக்கமும் மிஞ்சுகிற இடத்துக்கு. அங்கே சுவர் கட்டி மண் நிரப்பலாம், தூண் நிறுத்தலாம், சும்மாவும் விடலாம். பக்கச்சுவர் என்று வைத்துக்கொண்டால் ‘ஓபன் ஸ்பாண்ட்ரல்’ வரும்போது ‘திறந்த பக்கச்சுவர்’ என்று எழுத நேரும். சுவரே இல்லாத இடத்துக்கு அப்படி ஒரு பெயரா?

கான்கிரீட் வில் பாலத்தின் வளர்ச்சியே இந்த இடத்திலிருந்து சுவர் கழன்ற கதைதான். பொறியாளர் ராபர்ட் மையார் 1901-இல் சுவிட்சர்லாந்தின் சுவோஸ் என்ற ஊரில், இன் ஆற்றின் மேல், மூன்று கீல்கள் (கதவுக் கீல்போல் சற்றே திரும்ப இடம்தரும் மூட்டுகள்) வைத்த வில் பாலம் ஒன்றைக் கட்டினார். வில், பக்கச் சுவர்கள், தளம் மூன்றும் சேர்ந்து ஒரே பெட்டியாக நின்று பாரம் தாங்கும் அமைப்பு. சில ஆண்டுகளில் கரையை ஒட்டிய சுவர்ப்பகுதிகளில் விரிசல் கண்டது. வேறு யாராவது அங்கே இன்னும் கொஞ்சம் கம்பி வைத்துத் தடிமனாக்கியிருப்பார்கள். மையார், விரிசல் விட்ட பகுதி வேலையே செய்யவில்லை என்று கண்டு, 1905-இல் ரைன் ஆற்றின் மேல் கட்டிய தவனாசா பாலத்தில் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டார்.

ஏன் வெட்ட முடிந்தது? கீல் இருக்கும் இடத்தில் வளைக்கும் விசை கிடையாது. அங்கே வில் மெலிந்திருக்கலாம். பாதிப் பாலத்தில் மட்டும் வண்டிகள் நிற்கும்போது வில்லை அதிகம் வளைப்பது கால்பங்கு தூரத்தில்; அங்கே ஆழம் வேண்டும். ஆக, கரையிலும் உச்சியிலும் மெலிந்து இடையில் பருத்த ஒரு பிறைவடிவம் கிடைத்தது. தவனாசா பாலத்தை 1927-இல் நிலச்சரிவு கொண்டுபோய்விட்டது. அந்த வடிவம் 1930-இல் முடிந்த சால்கினாட்டோபெல் பாலத்தில் 90 மீட்டர் இடைவெளியைத் தாண்டியது. அதன் படத்தைப் பாருங்கள்: நடுப்பகுதியில் சுவர் வில்லோடு ஒன்றாகிவிட்டது, கரைப்பக்கம் மெல்லிய குறுக்குச் சுவர்கள் மட்டும் நின்று தளத்தைத் தாங்குகின்றன. மற்றதெல்லாம் காற்று. நமக்கு வேண்டியது அந்தக் காற்றுக்கும் பொருந்துகிற சொல்.

> ‘வில்தோள்’ அழகாக இருக்கிறது. ஏற்கலாம்.

அழகுதான், ஆனால் தோளுக்கு வேறு வேலை காத்திருக்கிறது. வில் கரையிலிருந்து எழும்பி உச்சிக்குப் போகும் வழியில் உள்ள பகுதியை ‘ஹான்ச்’ என்கிறார்கள். அது வில்லின் உடம்பிலேயே ஒரு பகுதி. தோள் என்ற சொல் அதற்குத்தான் கச்சிதம். தோளையும் அதன்மேல் உள்ள இடத்தையும் ஒரே சொல்லால் குறித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் பொன்டிபிரித் கல்பாலமே போதும். 140 அடி அகல ஒற்றை வில். முந்தைய முயற்சி ஒன்றில் பக்கங்களில் ஏற்றிய பாரம் தோள்களை அழுத்த, உச்சி மேலே பிதுங்கி, பாலம் விழுந்தது. அதைக் கட்டிய வில்லியம் எட்வர்ட்ஸ் மறுபடி கட்டி, பக்கத்துக்கு மூன்று வட்டத் துளைகள் விட்டுப் பாரத்தைக் குறைத்தார். 1756-இல் நின்றது, இன்றும் நிற்கிறது. ‘தோளின் பாரம் தோளை அழுத்தியது’ என்று எழுதிப் பாருங்கள், யாருக்குப் புரியும்?

இன்னொரு பரிந்துரையான ‘முக்கோண இடைவெளி’யும் எனக்கு ஒப்பவில்லை. இங்கே கோலாலம்பூரில் கண்ணாடிக் கோபுரங்களில் ஒரு மாடியின் சன்னலுக்கும் அடுத்த மாடியின் சன்னலுக்கும் நடுவே வரும் பட்டைக்கும் ஸ்பாண்ட்ரல் என்றுதான் பெயர். அது நீள்சதுரம். மஸ்ஜித் ஜாமெக்கில் வில்வளைவுகளின் மேல் மூலைகளும் அதே. வடிவத்தைச் சொல்லிப் பெயர் வைத்தால் பாதி இடங்களில் பொய்யாகும்.

எனவே ‘கவுள்’. யானையின் மதநீர் வழிவதாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் அதே கவுள், கன்னப்பகுதி. உச்சி, தோள் என்று வில்லுக்கு உடல் உறுப்பாகவே பெயர் வைத்துவந்தோம், இதுவும் அந்த வரிசையில் சேரும். ஒட்டிப் பார்க்கவும் எளிது: திறந்த கவுள், மூடிய கவுள், கவுள் சுவர், கவுள் தூண். அமெரிக்காவில் 1915-இல் திறந்த டங்கானக் ரயில் பாலத்தில், தரையிலிருந்து 240 அடி உயரத்தில், பெரிய விற்களின் முதுகில் சின்ன விற்கள் வரிசையாக நின்று தளத்தைச் சுமக்கின்றன. அவற்றைக் ‘கவுள் விற்கள்’ என்றால் முடிந்தது. சீனாவில் 605-ஆம் ஆண்டு வாக்கில் எழும்பிய சாவ்சோவ் கல்பாலத்திலும் பக்கத்துக்கு இரண்டு கவுள் விற்கள் உண்டு. வெள்ளம் வந்தால் தண்ணீருக்கு அதுவே வழி.

> கன்னம் என்றே சொல்லலாமே, பிள்ளைகளுக்குப் புரியும். கவுள் என்றால் வெற்றிலைக் கவுளிதான் நினைவுக்கு வரும்.

பினாங்குக்காரர்களுக்கு வரத்தான் செய்யும், மலாயில் ‘பினாங்’ என்றாலே பாக்கு அல்லவா! ஆனால் ‘கன்னச் சுவர்’ என்று பாடநூலில் போட்டால் திருடன் கன்னம் வைத்த சுவர் என்று எவராவது கேட்பார். அந்தச் சிரிப்பை வகுப்பில் அடக்க ஆசிரியருக்கு நேரம் கிடையாது.

கண்ணாடிக் கோபுரத்துப் பட்டையையும் ‘கவுள் பட்டை’ என்று இதே பதிவில் சேர்ப்பதா, கட்டடக்கலைப் பிரிவில் தனியாக வைப்பதா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம். ஒன்றாகச் சேர்க்கலாம் என்பது என் சாய்வு. முகப்பு வேலையில் இருப்பவர்கள் சொன்னால் அதன்படி பட்டியலைத் திருத்திவிடுகிறேன். வில்லின் மேல்முகம், அடிமுகம் இரண்டுக்கும் வந்த பரிந்துரைகளைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம். இங்கே கலக்க வேண்டாம்.